ஓக் கொட்டை மாவு இரண்டு பாக்கெட்: பள்ளத்தூர் மில்லிலிருந்து

எங்கள் மில்லுக்கு வரும் தூக்குவாளியைக் கையில் வாங்கும்போதே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். மல்லிக்கு ஒரு கனம், மிளகாய்க்கு ஒரு கனம். பணியாரத்துக்கு நனைத்து உலர்த்திய பச்சரிசி என்றால் வாளியின் அடி சில்லென்று இருக்கும். அப்பா செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் தொடங்கிய மில் இது. அவருக்குப் பிறகு 22 வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கவுனி அரிசியிலிருந்து பனங்கிழங்கு வரை அரைத்திருக்கிறேன். போன தை மாதம் ஓர் ஆச்சி கொண்டுவந்த இரண்டு பாக்கெட் மாவுதான் நான் இதுவரை கையால் தொட்டிராத மாவு.

ஆச்சிக்கு வயது எண்பதை நெருங்குகிறது. பேரன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அந்தப் பக்கம் கொரியாக்காரர்கள் நிறையப் பேர் குடியிருப்பதால் அவர்களுக்கென்றே மளிகைக் கடைகள் உண்டு. அங்கே வாங்கியது முதல் பாக்கெட், அரைக் கிலோ, 900 ரூபாய். இரண்டாவது, பேத்தி செல்போனில் ஆர்டர் போட்டு வரவழைத்த கால் கிலோ பை, 1,150 ரூபாய். இரண்டுமே ஓக் மரத்துக் கொட்டையின் மாவு.

"இந்தா ஆத்தா, இதை நம்ம சத்து மாவோட சேத்து அரைச்சுக் குடு. கொள்ளுப்பேத்திக்கு ஏழு மாசம் ஆகுது. அந்த ஊர்ல இது ரொம்பச் சத்தாம்ல" என்றார் ஆச்சி.

பச்சைப் பிள்ளைக்குப் போகிற மாவு. தெரியாத பொருளை நான் கல்லில் போட மாட்டேன். "ரெண்டு நாள் பொறுங்க ஆச்சி, என்ன ஏதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்று வாங்கி வைத்தேன். இரண்டு நாள் இரண்டு வாரமாகிவிட்டது. பிரித்துப் பார்த்து, ஊறவைத்து, கிண்டி, சாப்பிட்டு, மகளை உட்காரவைத்துக் கணக்கும் பார்த்தேன். கண்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மாவைப் பற்றிக் கேட்டு இன்னும் மூன்று பேர் மில்லுக்கு வந்துவிட்டார்கள்.

முதலில் இது என்ன கொட்டை என்று சொல்லிவிடுகிறேன். கார்ட்டூனில் அணில் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுமே, தலையில் தொப்பி வைத்த கொட்டை, அதுதான். தமிழ் பைபிளில் இந்த மரத்துக்குக் கர்வாலி மரம் என்று பெயர். நம் சமவெளியில் இது வளர்வதில்லை. இமயமலைச் சரிவுகளில் காடு காடாக நிற்கிறது. ஆனாலும் செட்டிநாட்டில் பிறந்த எந்தப் பிள்ளையும் இந்த மரத்தை நாக்கில் தொடாமல் வளர்ந்திருக்காது. உரை மருந்துக்கு வசம்பு, ஜாதிக்காய், கடுக்காயோடு மாசிக்காய் வைத்து இழைக்கிறோம் இல்லையா, அந்த மாசிக்காய் ஓக் குடும்பத்து மரம் ஒன்றிலிருந்து வருவதுதான். பேர்தான் காய், உண்மையில் காய் கிடையாது. ஒரு சின்னக் குளவி கிளை மொட்டில் முட்டையிட, அந்த இடத்தை மரம் சுற்றி வளர்த்துக் கட்டும் உருண்டை. பாரசீகம், துருக்கிப் பக்கமிருந்து நம் நாட்டு மருந்துக் கடை டப்பாவுக்கு வருகிறது. அதை இழைத்து நாக்கில் வைத்தால் வாயெல்லாம் இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்புதான் இந்தக் கதையின் முக்கியமான ஆள். கொட்டையிலும் அதே துவர்ப்பு இருக்கிறது. அதற்கு டானின் என்று பேர்.

இனி பாக்கெட்டுகளுக்கு வருகிறேன்.

கொரியக் கடைப் பாக்கெட்டைப் பிரித்ததும் விரல் நுனியில் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தேன். நெறுநெறுவென்று ஒரு சத்தம். கூவைக்கிழங்கு மாவைத் தேய்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும், வேறு எந்த மாவும் அப்படிப் பேசாது. நிறம் வெளிறிய சந்தனம். வாசனை என்று எதுவும் இல்லை. உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்தேன், பிடி விட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. எண்ணெய்ப் பசை துளிகூடக் கிடையாது. இது கொட்டையை அப்படியே அரைத்த மாவு இல்லை, கொட்டையிலிருந்து எடுத்த வெறும் ஸ்டார்ச் என்று அப்போதே தெரிந்துவிட்டது. மகள் செல்போனைப் பாக்கெட் மேல் காட்டி கொரிய எழுத்தைத் தமிழில் படித்துச் சொன்னபோது அதுவேதான் எழுதியிருந்தது.

கொரியாவில் இதைச் செய்கிற விதம் நமக்குப் புதிதே இல்லை. கொட்டையை உடைத்து, பருப்பை அரைத்து, தண்ணீரில் கரைத்துத் துணியில் வடிகட்டுகிறார்கள். மேலே தெளிகிற துவர்ப்புத் தண்ணீரைக் கொட்டிக் கொட்டி, அடியில் படிகிறதை உலர்த்துகிறார்கள். கூவைக்கிழங்கு மாவும் இப்படித்தான் எடுக்கிறோம். துணியில் தங்குகிற சக்கையோடு கொழுப்பும் நாரும் போய்விடும், புரதம் பெரும்பாலும் சக்கையிலும் தண்ணீரிலும் போய்விடும். அடியில் படிவது மாவுச்சத்து மட்டும். பாக்கெட்டின் பின்னால் இருந்த கணக்கும் அப்படியே: ஏறக்குறைய எல்லாமே மாவுச்சத்து, புரதமும் கொழுப்பும் பேருக்குத்தான். இதில் கம்பெனி எதையும் மறைக்கவில்லை. என்ன விற்கிறார்களோ அதை நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். வாங்குகிற நாம்தான் "ஓக் கொட்டையில் அது இருக்கிறது, இது இருக்கிறது" என்று எங்கேயோ படித்துவிட்டு, அதெல்லாம் இந்தப் பாக்கெட்டுக்குள் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். சில பாக்கெட்டில் சக்கரைவள்ளிக்கிழங்கு ஸ்டார்ச்சோ சோள ஸ்டார்ச்சோ கலந்திருப்பார்கள், அது பின்னால் எழுதியிருக்கும்.

இரண்டாவது பை முற்றிலும் வேறு ஜாதி. பழுப்பு நிறம், வறுத்த கேழ்வரகு மாதிரி. இறுக்கிப் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நின்றது, விரல் ரேகைகூடப் பதிந்தது. உள்ளங்கையில் லேசான மினுமினுப்பு. இதுதான் கொட்டையை முழுசாக அரைத்த மாவு, எண்ணெய் உள்ளேயே இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் மூக்கருகே கொண்டுபோனபோது எனக்குச் சங்கடமாகிவிட்டது. பழைய கடலைப் பிண்ணாக்கு மூட்டையைத் திறந்தால் வருமே, அந்தச் சிக்கு வாடை, மெலிசாக. பையில் அரைத்த தேதி இல்லை, "உபயோகிக்கக் கடைசி நாள்" மட்டும்தான் இருந்தது. எண்ணெய்ச் சத்துள்ள எந்த மாவும் அரைத்த நாளிலிருந்து கெட ஆரம்பிக்கும். கம்பு மாவையே பத்து நாளுக்கு மேல் வைக்காதீர்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்கிறவள் நான். கொழுப்பு இதில் கம்பைப் போல ஆறு மடங்கு. அரைத்த தேதி போடாமல் இதை விற்பது சரியில்லை. விற்றவருக்கு எழுதிக் கேட்டேன். "எங்கள் பொருள் எல்லாம் ஃப்ரெஷ்" என்று ஒரு வரியில் பதில் வந்தது, தேதி வரவில்லை.

பையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் மூன்று வாக்கியங்கள் இருந்தன: புரதம் நிறைந்தது, கால்சியம் நிறைந்தது, சர்க்கரை நோயை விரட்டும். பேத்தி இதைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார். அன்று சாயங்காலம் மில்லை அடைத்த பிறகு மகளும் நானும் உட்கார்ந்து சரிபார்த்தோம். அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்து அட்டவணையில் முழுக் கொழுப்புள்ள ஓக் கொட்டை மாவுக்குத் தனியாகவே கணக்கு இருக்கிறது. 100 கிராமில் 501 கலோரி. கொழுப்பு 30 கிராம், மாவுச்சத்து வகை 54.7 கிராம், புரதம் 7.5 கிராம். கால்சியம் 43 மில்லிகிராம், இரும்பு 1.2 மில்லிகிராம், பொட்டாசியம் 712 மில்லிகிராம், ஃபோலேட் 114 மைக்ரோகிராம்.

புரதம் 7.5 என்பது நம் கேழ்வரகு, அரிசி அளவுதான். பொட்டுக்கடலையில் 22, நிலக்கடலையில் 25. அப்படியிருக்க "புரதம் நிறைந்தது" என்று எப்படிச் சொல்வது? கால்சியம் இன்னும் மோசம். கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும்போது, 43 வைத்துக்கொண்டு "நிறைந்தது" என்று அச்சடிப்பது தாய்மாரை ஏமாற்றுகிற வேலை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. சர்க்கரை நோய் விஷயம் அதைவிட. பாதிக்கு மேல் மாவுச்சத்து உள்ள பொருள் எதையும் விரட்டாது. என் வீட்டுக்காரர் பதினோரு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இப்படி ஒரு வரியை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இந்தக் கொட்டையின் உண்மையான பெருமையை அவர்கள் பையில் போடவே இல்லை. அந்த 30 கிராம் கொழுப்புதான் அது. அரிசியில் கொழுப்பு ஒரு கிராம்கூடத் தேறாது. நிலக்கடலையில் 40 கிராம், ஆனால் மாவுச்சத்து குறைவு. ஓக் கொட்டை இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது: சோறாகவும் இருக்கும், கடலையாகவும் இருக்கும். ஒரே பருப்பில் வயிறு நிறைகிற மாவும், தெம்பு தருகிற எண்ணெயும். அந்த எண்ணெயிலும் பெரும்பங்கு ஒலீயிக் அமிலம், அதாவது ஆலிவ் எண்ணெயில் அதிகமாக இருக்கும் அதே வகை. ஸ்பெயினில் பன்றிகளை ஓக் காட்டில் மேயவிட்டுக் கொழுக்கவைத்துத்தான் உலகத்திலேயே விலை கூடிய உப்புக்கறி போடுகிறார்கள், அந்தக் கறியின் கொழுப்பு வாயில் உருகுவதற்கே இந்தக் கொட்டைதான் காரணம். கலிபோர்னியாவின் பூர்வகுடி மக்களில் பெரும்பாலோருக்கு நமக்கு அரிசி எப்படியோ அப்படி. பாறையிலேயே குழி குழியாக உரல் குடைந்து இடித்திருக்கிறார்கள், மணலைக் குழித்து அதன்மேல் மாவைப் பரப்பித் தண்ணீர் ஊற்றி ஊற்றித் துவர்ப்பை இறக்கியிருக்கிறார்கள். அந்தப் பாறை உரல்கள் இன்றும் இருக்கின்றன. மகள் படம் காட்டினாள். ஆட்டுக்கல்லோடு பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் குழிகளைப் பார்த்ததும் கை தானாக அரைக்கப் போனது.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். ஓக் மரத்தில் நானூறு வகைக்கு மேல் இருக்கிறது, எல்லாக் கொட்டைக்கும் இதே கணக்கு பொருந்தாது. வெள்ளை ஓக் வகைகளில் துவர்ப்பும் குறைவு, எண்ணெயும் குறைவு. சிவப்பு ஓக் வகைகளில் இரண்டும் அதிகம், கொட்டை முற்றவே இரண்டு வருஷம் எடுக்கும். அதனால் எந்த மரத்துக் கொட்டை என்று போடாமல் வெறுமனே ஓக் மாவு என்று விற்றால், எண்ணெய் எவ்வளவு, துவர்ப்பு எவ்வளவு என்று வாங்குகிறவருக்குத் தெரியப்போவதில்லை. ஆச்சி கொண்டுவந்த பையில் மரத்தின் வகை போடவில்லை.

சரி, சமைத்த கதைக்கு வருகிறேன்.

கொரிய ஸ்டார்ச்சில் அவர்கள் செய்வது முக் என்கிற ஒரு பதார்த்தம். ஒரு கப் மாவுக்கு ஆறு கப் தண்ணீர், அரை ஸ்பூன் உப்பு. கட்டியில்லாமல் கரைத்து, பித்தளை உருளியில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். ஆரம்பத்தில் பழுப்புத் தண்ணீராகவே கிடந்தது. ஏழெட்டு நிமிஷத்தில் அடியில் கண்ணாடி மாதிரி இழைகள் கட்ட ஆரம்பித்தன. அதன்பிறகு கரண்டியை எடுக்கவே கூடாது. ஆடிக் கும்மாயம் என்கிற செட்டிநாட்டு இனிப்பைக் கிண்டத் தெரிந்தவருக்கு இது கைவந்த வேலை, அதே கனம், அதே இழுப்பு, கரண்டியைத் தூக்கினால் பட்டையாக விழுகிற அதே பதம். கொதி வந்தபின் தீயைக் குறைத்து இன்னும் பத்து நிமிஷம் கிண்டி, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு இறக்கினேன். அப்பத்தா வைத்திருந்த பர்மா மங்குத் தட்டில் ஊற்றி ஆறவைத்தேன். நாலு மணி நேரத்தில் நன்றாக உறைந்து, தட்டைத் தட்டினால் நுங்கு மாதிரி ஆடியது. நிறம் கருப்பட்டிக் காப்பியில் பால் கலந்த மாதிரி.

தனியாகச் சாப்பிட்டால் ருசி மிகவும் மெல்லிசு. முதலில் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும், விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் ஒரு சின்னக் கசப்பும் துவர்ப்பும் வந்து நிற்கும். கொரியாக்காரர்கள் சோயா சாறு, எள்ளெண்ணெய், மிளகாய்த்தூள், வெங்காயத் தாள் போட்டுச் சாப்பிடுவார்களாம். நான் துண்டு போட்டு, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், வறுத்துப் பொடித்த எள், மிளகாய்த்தூள், செக்கு நல்லெண்ணெய், கொஞ்சம் புளித்தண்ணீர் சேர்த்துப் பிரட்டினேன். மிக நன்றாக இருந்தது, மனதாரச் சொல்கிறேன். வெயில் காலத்து மத்தியானத்துக்கு இதைவிடக் குளுமையான ஒன்று கிடையாது. ஆச்சிக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். "கடல்பாசி மாதிரி வழுக்கிட்டுப் போகுது, ஆனா ஒரு குணம் இருக்கு" என்று சொல்லியனுப்பினார்.

ஆனால் சத்து? ஒரு கப் மாவு ஒரு கிலோவுக்கு மேல் பதார்த்தமாகிவிட்டது, அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 100 கிராம் முக்கில் ஏறக்குறைய 40 கலோரிதான். கொரியாவில் இன்றைக்கு உடம்பு இளைக்க நினைப்பவர்கள் இதை விரும்பிச் சாப்பிடுவதற்குக் காரணமும் அதுதான், வயிறு நிறையும், கலோரி ஏறாது. எடை குறைக்க நினைக்கிற பெரியவருக்கு இது நல்ல பலகாரம். எடை ஏறவேண்டிய ஏழு மாதக் குழந்தைக்கு நேர் எதிரானது.

முழு மாவுதான் எனக்குப் பாடம் கற்றுக்கொடுத்தது. "துவர்ப்பு நீக்கப்பட்டது" என்று பையில் எழுதியிருந்ததை நம்பி, இரண்டு கரண்டி மாவை வறுத்து, கருப்பட்டிப் பாகு ஊற்றி உளுந்தங்களி மாதிரி கிண்டலாம் என்று இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்தேன். மாவு கரைந்து கொதி வரும் நேரத்தில் சட்டியின் ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடுவுக்குப் பரவியது. ஐந்து நிமிஷத்தில் பழுப்புக் களி எழுதுகிற மையின் நிறத்துக்கு வந்துவிட்டது. கரண்டியில் எடுத்து வெள்ளைத் தட்டில் தடவினால் நீலம் பாரித்த கறுப்பு.

பயந்துவிட்டேன். சட்டியில் ஏதாவது கெமிக்கல் பட்டிருக்குமோ என்று. அப்புறம்தான் வாழைக்காய் நினைவுக்கு வந்தது. இரும்பு அரிவாள்மனையில் வாழைக்காய் அரிந்தால் கையும் மனையும் கறுத்துப்போகிறதே, மோர்த் தண்ணீரில் போட்டு வைக்கிறோமே, அதே சங்கதி. துவர்ப்பும் இரும்பும் சந்தித்தால் கறுக்கும். ஐரோப்பாவில் பல நூறு வருஷம் மாசிக்காயையும் இரும்பு உப்பையும் சேர்த்துத்தான் எழுதுகிற மையே காய்ச்சியிருக்கிறார்கள். என் அடுப்பில் நான் களி கிண்டவில்லை, மை காய்ச்சியிருக்கிறேன். மாவில் துவர்ப்பு நிறையவே மிச்சம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இதை நான் வெறும் நிற விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. சட்டியில் இரும்பைப் பிடித்துக்கொண்ட துவர்ப்பு வயிற்றுக்குள்ளும் அதே வேலையைச் செய்யும். கேழ்வரகிலும் பயறிலும் இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் கட்டிப்போடும். சாப்பிட்ட உடனே டீ குடிக்காதீர்கள், இரும்பு மாத்திரையை டீயோடு போடாதீர்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குச் சொல்வது இதனால்தான். புரதத்தையும் பிடிக்கும். ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிடுகிறார்கள் இல்லையா, பட்டையின் துவர்ப்பு தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்குவதுதான் பதனிடுதல். துவர்ப்பு நீங்காத கொட்டையை அளவுக்கு மீறித் தின்ற மாடுகளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போவது மேய்ச்சல் நாடுகளில் தெரிந்த விஷயம். மனிதர் நாலு கரண்டி சாப்பிட்டால் அவ்வளவு தூரம் போகாது, மலச்சிக்கல் வரும், வயிறு கனக்கும். எனக்கு அந்த இரண்டும் மறுநாள் வந்தது.

மிச்சமிருந்த மாவை வீணாக்க மனமில்லை. அகலமான சட்டியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டேன். முதல் தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. காலையிலும் மாலையிலும் மேல் தண்ணீரை மெதுவாகச் சாய்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் மாற்றினேன், மூன்று நாளில் ஆறு தண்ணீர். நாலாம் நாள் ஒரு துளி நாக்கில் வைத்தபோது இழுப்பு இல்லை, கடலைப்பால் மாதிரி ஒரு மெல்லிய தித்திப்புத் தெரிந்தது. அதுதான் இந்தக் கொட்டையின் சொந்த ருசி. வெந்நீரில் செய்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் மாவு பாதி வெந்துபோய், பிறகு பிசைந்தால் ஒட்டாது. பொறுமை இருந்தால் குளிர்ந்த தண்ணீர்தான் சரி. தண்ணீரோடு பொட்டாசியமும் ஃபோலேட்டும் கொஞ்சம் போகத்தான் செய்யும், அட்டவணையில் பார்த்த எண் அப்படியே தட்டுக்கு வராது.

அப்பத்தா இருந்திருந்தால் இதைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார். பஞ்ச காலத்தில் புளியங்கொட்டையை வறுத்து, மேல்தோலை உடைத்துத் தள்ளி, பருப்பை ராத்திரி முழுக்க ஊறவைத்து அவித்துச் சாப்பிட்ட கதையை அவர் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். புளியங்கொட்டைத் தோலிலும் இதே துவர்ப்புதான். நமக்கு அது தோலோடு போய்விடும். ஓக் கொட்டையில் பருப்புக்குள்ளேயே ஊறிக் கிடப்பதால் தண்ணீரில்தான் இறக்கவேண்டும். கொரியாவிலும் அரிசி கிடைக்காத காலத்தில் மலையில் பொறுக்கிவந்து பசியாறிய கொட்டை இது.

ஊறவைத்துத் துணியில் பிழிந்த மாவை இரண்டு பங்கு கேழ்வரகு மாவு, முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம் சேர்த்து மண் சட்டியில் அடை தட்டினேன். தனியாக இது அடையாக நிற்காது, கோதுமையில் இருக்கிற பசை இதில் கிடையாது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது நல்ல சேதி. கேழ்வரகோடு சேர்ந்தபோது எண்ணெய் ஊற்றாமலே அடை மெதுவாக வந்தது, உள்ளிருந்த எண்ணெயே போதுமானதாக இருந்தது. கருக்கின ஓரத்தில் வறுத்த முந்திரி வாசம். வீட்டில் எல்லோரும் இரண்டாவது கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அந்தச் சிக்கு வாடை மட்டும் அடியில் கொஞ்சம் தங்கிவிட்டது. புது மாவாக இருந்திருந்தால் இதைக் குறையில்லாத பலகாரம் என்றே எழுதியிருப்பேன்.

கேட்டு வந்தவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்டார்ச் பாக்கெட் தரமானது, சொன்னதைத் தருகிறது. முக் செய்து பார்க்க ஆசை என்றால் ஒருமுறை வாங்கலாம். சத்துக்காக என்றால் வேண்டாம். 900 ரூபாய்க்கு நல்ல கூவைக்கிழங்கு மாவு இதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும், வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான். முழு மாவு உண்மையிலேயே உணவு. ஆனால் அரைத்த தேதியும் மரத்தின் வகையும் போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள், வந்த அன்றே ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஒரு ஸ்பூன் மாவைத் தண்ணீரில் கரைத்து இரும்புக் கரண்டியில் கொதிக்கவிட்டு நிறம் பாருங்கள். கறுத்தால் ஊறவைக்காமல் சமைக்காதீர்கள். இரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தினசரி உணவாக்க வேண்டாம். பாதாம், முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடவே வேண்டாம்.

ஆச்சியிடம் நேரில் போய்ச் சொன்னேன், பட்டாலையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து முழுவதையும் கேட்டார். அந்த மைக்களி தடவிய தட்டையும் எடுத்துப் போயிருந்தேன். கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தார்.

"அப்ப பிள்ளைக்கு வேணாங்கிற."

"வேணாம் ஆச்சி. நம்ம கேழ்வரகும் பாசிப்பயறும் பொட்டுக்கடலையும் போதும். கேழ்வரகை முளை கட்டிக் குடுங்க, அதுல இருக்கிற துவர்ப்பும் கொறையும், இரும்பும் நல்லாச் சேரும்."

மறுவாரம் முளை கட்டி நிழலில் காய்ந்த கேழ்வரகு இரண்டு படி வந்தது. அதற்கு முன்னால் மிளகாய் ஓடியிருந்ததால், ஒரு படி பச்சரிசியை ஓட்டிக் கல்லைச் சுத்தம் செய்துவிட்டு அரைத்துக் கொடுத்தேன். மேலே ஒரு துண்டுச் சீட்டில் அரைத்த தேதியையும் எழுதி வைத்தேன்.